மூளையை அளந்து மனவடு நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: பல வருடம் சண்டைக் களத்தில் நின்ற அண்ணாவுக்கு இப்போது நித்திரை இல்லை. கதவு அடிபட்டாலே துள்ளி எழும்புகிறார். வீட்டில் யாரோடும் கதைப்பதில்லை. கொழும்பில் ஓரிடத்தில் தலையில் தொப்பி மாட்டி, இருபது நிமிடத்தில் ‘பிரெய்ன் மேப்’ எடுத்து, பிடிஎஸ்டி இருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள். அமெரிக்காவில் பழைய படைவீரர்களை அப்படித்தான் பரிசோதிக்கிறார்களாம். காசு கட்டி எடுக்கலாமா?

அந்த ஒரு கேள்விக்காக எடுக்க வேண்டாம். பிடிஎஸ்டி, அதாவது நெருக்கீட்டின் பின் வரும் மனவடு நோய், கதைத்து அறியப்படும் நோய். அமெரிக்க உளமருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 விதிமுறையிலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 இலும் சரி, இந்த நோயை உறுதிசெய்ய மூளை அலைப் பதிவோ ஸ்கானோ கேட்கப்படவில்லை. ஆனால் அண்ணாவுக்கு ஈஈஜி, அதாவது அந்த மூளை அலைப் பதிவு, ஒருபோதும் தேவைப்படாது என்றும் நான் சொல்லவில்லை. வேறு சில காரணங்களுக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம். அந்தக் காரணங்களை மனவடுவோடு குழப்பிக்கொள்வதால்தான் காசும் காலமும் வீணாகின்றன. அவர் எந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மூளையைப் பற்றிய இந்த விளக்கத்துக்கு அது தேவையும் இல்லை.

அமெரிக்கக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் மினியாபொலிஸ் நகரின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலையிலும் பணியாற்றிய அப்போஸ்தலோஸ் ஜோர்ஜோபுலோஸ் குழுவினர் 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் எம்ஈஜி என்ற கருவியைப் பயன்படுத்தினார்கள். மூளையின் நரம்புகளில் மின்சாரம் ஓடும்போது தலைக்கு வெளியே மிக நலிந்த காந்தப் புலம் ஒன்று உண்டாகும். பூமியின் காந்தப் புலத்தை விட அது கோடிக்கணக்கான மடங்கு சிறியது. அதைப் பிடிக்க, திரவ ஹீலியத்தில் சுமார் மறை 269 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டிய உணரிகளும், வெளிக் காந்தப் புலங்களைத் தடுக்கும் தனி அறையும் வேண்டும். அந்த ஆய்வில் ஒருவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருப்பதுதான். 248 உணரிகள் பதிவு செய்தன. இரண்டிரண்டு உணரிகளாகச் சோடி சேர்த்தால் 30,628 சோடிகள் வரும். ஒவ்வொரு சோடியும் எவ்வளவு ஒத்திசைந்து துடிக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து பிடிஎஸ்டி உள்ள 74 முன்னாள் படைவீரர்களையும் இல்லாத 250 பேரையும் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மூளையின் வலப்பக்க டெம்பொரல் பகுதியில், அதாவது காதுக்கு அருகே உள்ள பகுதியில், வித்தியாசம் தூக்கலாகத் தெரிந்தது.

நல்ல ஆய்வு, உழைப்பும் நிறைய. பத்திரிகைகளில் அது ‘ஒரு நிமிடத்தில் பிடிஎஸ்டி தெரிந்துவிடும்’ என்று சுருங்கி வந்தது. அங்கே நடந்ததோ, ஏற்கெனவே நேர்காணல் செய்து நோய் உண்டு, இல்லை என்று பிரித்து வைத்திருந்த இரண்டு குழுக்களைக் கணினி மறுபடி பிரித்துக் காட்டியது. கிளினிக்குக்கு வரும் ஓர் ஆளைப் பார்த்து முடிவு சொல்வது இதைவிடக் கடினமான வேலை. முப்பதாயிரம் சோடி எண்களும் முந்நூற்றுச் சொச்சம் ஆட்களும் இருக்கும்போது, இரண்டு குழுக்களைப் பிரிக்கக்கூடிய சோடிகள் சில எப்படியும் அகப்படும். அந்தச் சோடிகள் வேறு ஊரில், வேறு இயந்திரத்தில், வேறு மருந்து குடிக்கும் ஆட்களிடமும் அதே வேலையைச் செய்கின்றனவா என்பதில்தான் உண்மையான சோதனை இருக்கிறது.

இந்தத் துறைக்கு இது புதிய பாடமும் அல்ல. மூளைக்கு முன்னே இதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்தார்கள். போர்ச் சத்தத்தையும் படத்தையும் காட்டி, உடம்பு எப்படித் துள்ளுகிறது என்று பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகளில் அது பிரமாதமாக வேலை செய்தது. பிறகு பல வைத்தியசாலைகளில் 1,328 வியட்நாம் போர்ப் படைவீரர்களை வைத்துப் பார்த்து 1998 இல் முடிவை வெளியிட்டபோது, நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை மட்டுமே அளவீடு சரியாகப் பிடித்தது. மிச்ச மூன்றில் ஒரு பங்கினரை உடம்பின் துள்ளலை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்போம்.

குழுவின் சராசரி வேறு, ஒருத்தரின் மூளை வேறு. இதை ஹிப்போகாம்பஸ் விடயத்தில் தெளிவாகக் காணலாம். நினைவைப் பதிக்கும் அந்தப் பகுதி பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் சராசரியாகச் சிறியது என்பது உண்மை. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 1,868 பேரின் எம்ஆர்ஐயைப் பார்த்து 2018 இல் வெளியிட்ட முடிவிலும் அது உறுதியானது. ஆனால் வித்தியாசத்தின் அளவு 0.17 நியம விலகல்தான். வரைந்து பார்த்தால், நோய் உள்ளவர்களின் அளவுகளும் இல்லாதவர்களின் அளவுகளும் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்று விழும். அண்ணாவின் ஹிப்போகாம்பஸை அளந்து ஓர் எண்ணைக் கையில் தந்தால், அவர் எந்தக் குழு என்று அந்த எண் சொல்லாது.

அதோடு அந்தச் சிறிய அளவு போரால் வந்ததா, முன்பே இருந்ததா? இதற்கு 2002 இல் ஓர் அழகான ஆய்வு நடந்தது. வியட்நாமில் போரிட்டவர்களையும், போருக்கே போகாத அவர்களது ஒத்த இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டார்கள். கடும் பிடிஎஸ்டி உள்ளவரின் சகோதரர் துப்பாக்கியைத் தூக்காமல் வீட்டிலேயே இருந்தவர், ஆனால் அவருடைய ஹிப்போகாம்பஸும் சிறியதாகவே இருந்தது. ஆகவே ஸ்கானில் தெரிவதில் ஒரு பகுதியாவது காயத்தின் தழும்பு அல்ல, நோய் எளிதில் பற்றக்கூடிய பிறவி வாகு. ‘மூளை சுருங்கிப் போச்சு’ என்று யாராவது படம் காட்டி உங்களைப் பயமுறுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

அதற்காக மூளைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை என்று ஆகாது. ஆபத்தை உணர்ந்து மணியடிக்கும் அமிக்டலா மிகையாக இயங்குவதும், அந்த மணியை அடக்க வேண்டிய நெற்றிப்புறக் கீழ்ப்பகுதி சோர்ந்து கிடப்பதும், மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. வியட்நாமில் தலையில் துளைத்த காயம் பட்டவர்களை வைத்து 2008 இல் வந்த ஆய்வில், அமிக்டலா சேதமடைந்தவர்கள் ஒருவருக்குக்கூட பிடிஎஸ்டி வந்திருக்கவில்லை. அண்ணா துள்ளி எழும்புவது அவருடைய மனப்பலவீனத்தால் அல்ல, நடிப்பும் அல்ல. மூளையில் அதற்கு இடமுண்டு, பாதையுண்டு. இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது, எந்த ஸ்கானும் எடுக்காமலே கிடைக்கும் பெரிய ஆறுதல். ஆனால் நோயின் பொறிமுறையை ஆயிரம் பேரில் புரிந்துகொள்வதற்கு உதவும் கருவி, ஒருத்தரில் நோயைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இராது. எஃப்எம்ஆர்ஐயில் ஒரு வேலையைக் கொடுத்து மூளையைப் படமெடுத்து, அதே ஆளை இன்னொரு நாள் மறுபடி எடுத்தால், இரண்டு அளவுகளுக்கும் உள்ள ஒப்புமை சராசரியாக 0.4 மட்டில்தான் நிற்கிறது என்று 2020 இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. இரண்டு நாளில் இரண்டு எடை காட்டும் தராசில் யாரும் தங்கம் நிறுப்பதில்லை.

90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை என்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கைக் கடற்படையினரிடம் எடுத்து 2012 இல் வெளியான ஆய்வில் பிடிஎஸ்டி 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம் என்று வைப்போம். நோய் உள்ளவர் 20. சோதனை அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 980 பேரில் 98 பேருக்கும் ‘உண்டு’ என்று தவறாகச் சொல்லும். ஆக, ‘உண்டு’ என்று பெயர் வாங்கிய 116 பேரில் உண்மையான நோயாளி 18 பேர்தான், ஆறில் ஒருவர்கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டப் பொதுமக்களிடம் 2009 இல் எடுத்த கணக்கெடுப்பில் 7 சதவீதம் வந்தது. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தாலும் ‘உண்டு’ என்றவர்களில் பாதிக்கு மேல் தவறு.

அண்ணாவிடம் அறிகுறிகள் கண்ணுக்கு முன்னே இருக்கின்றனவே, அவரை எப்படி வழியில் போகிற ஆயிரம் பேரோடு சேர்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரைப் பொறுத்தவரை நோய் இருக்கும் சாத்தியம் முன்கூட்டியே அதிகம்தான். ஆனால் அப்போது கேள்வியே மாறிவிடுகிறது. ‘நோயா, சுகமா’ என்பது போய், ‘பிடிஎஸ்டியா, மனச்சோர்வா, குண்டு வெடிப்பில் தலை அதிர்ந்ததன் பின்விளைவா, குடியா, நித்திரையில் மூச்சுத் தடைப்படுவதா, அல்லது இவற்றில் மூன்று சேர்ந்தா’ என்று ஆகிறது. 90 சதவீதக் கணக்கு சுகமான ஆட்களோடு ஒப்பிட்டு வந்தது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நோய்களைப் பிரிக்கும்போது அந்த எண் செல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது அதுதான். இந்தக் கணினிகளுக்கெல்லாம் ‘இவர் நோயாளி, இவர் இல்லை’ என்று யார் கற்றுக்கொடுத்தது? நேர்காணல்தான். அளவுகோலை விடத் துல்லியமாக, அந்த அளவுகோலை வைத்துச் செய்த பிரதி இருக்க முடியாது. அந்த அளவுகோலின்படியே பார்த்தாலும் பிடிஎஸ்டி ஒற்றை நோய் அல்ல. டிஎஸ்எம்-5 இல் உள்ள 20 அறிகுறிகளை விதிப்படி சேர்த்தால் 636,120 விதமான சேர்க்கைகள் பிடிஎஸ்டி என்ற ஒரே பெயருக்குள் வரும் என்று 2013 இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒருவர் இரவிரவாக அலறி எழும்புபவர், இன்னொருவர் உணர்ச்சியே மரத்து மூலையில் இருப்பவர். இருவருக்கும் ஒரே மாதிரி மூளை அலை இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை.

இனி அந்த ‘பிரெய்ன் மேப்’. அது ஈஈஜிதான், கணினியில் போட்டு நிறம் தீட்டியது. வழமையாகத் தலையில் 19 இடங்களில் மின்முனை வைப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் வரும் அலையை வேகத்தின்படி பிரிப்பார்கள்: செக்கனுக்கு 4 தடவைக்குள் துடிப்பது டெல்டா, 4 இலிருந்து 8 வரை தீட்டா, 8 இலிருந்து 13 வரை அல்பா, 13 இலிருந்து 30 வரை பீட்டா. பிறகு அந்த அளவுகளைச் சுகதேகிகளின் தரவுத் தொகுதி ஒன்றோடு ஒப்பிட்டு, சராசரியிலிருந்து விலகிய இடங்களைச் சிவப்பாகவும் நீலமாகவும் காட்டுவார்கள். கணக்கு இங்கேதான் கழுத்தறுக்கிறது. 19 இடம், 4 அலை, மொத்தம் 76 எண்கள். முழுச் சுகமாக உள்ளவரிடமும் 100 எண்ணில் 5 எண் தற்செயலாகவே ‘வழமைக்குப் புறம்பு’ என்று விழும்படிதான் எல்லை வைத்திருக்கிறார்கள். ஆகவே நாலு சிவப்புப் பொட்டு யாருக்கும் வரலாம். இடங்களுக்கிடையிலான தொடர்பையும் சேர்த்தால் 171 சோடி, 4 அலைக்கு 684 எண்கள், அதில் முப்பத்துச் சொச்சம் பொட்டுகள் சும்மாவே வரும். அந்தப் பொட்டுகளைக் காட்டி ‘இதுதான் உங்கள் மனவடு’ என்று சொல்வது ஈஈஜியைப் பிழையாக வாசிப்பது. தரவுத் தொகுதி யாரிடம் எடுத்தது, எந்த வயதினர், கண் திறந்தா மூடியா, எத்தனை நிமிடம் சுத்தமான பதிவு கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழும்பி வந்துவிடலாம்.

பதிவு எடுக்கும் விதத்திலும் நிறையப் பிழை வரும், கொழும்பில் இன்னும் அதிகம். மின்முனைக்கும் தோலுக்கும் இடையிலான தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும், அதிகபட்சம் 10. தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் அந்தத் தடை எகிறும், பசையும் ஒட்டாது. முதல் நாள் இரவு சம்பு போட்டுக் கழுவி, எண்ணெயோ கிறீமோ பூசாமல் போக வேண்டும். குளிரூட்டி இல்லாத அறையில் வியர்த்தால் அலைக்கோடு மெதுவாக ஏறி இறங்கும், அது கணினிக்கு டெல்டா அலையாகத் தெரியும். நெற்றியைச் சுருக்கினாலும் பல்லைக் கடித்தாலும் தசையின் மின்சாரம் பீட்டாவுக்குள் கலக்கும். எந்நேரமும் விறைத்துப் போயிருக்கும் முன்னாள் படையினரிடம் இது அநேகமாக எப்போதும் இருக்கும். பிறகு அதையே ‘பீட்டா கூடியிருக்கு, பதற்றம்’ என்று வாசிப்பார்கள். தாடைத் தசை இறுகியதை மூளையின் பதற்றமாக எண்ணிய பிழை அது. கண் சிமிட்டல் முன்பக்கத் தீட்டாவையும் டெல்டாவையும் கூட்டும். நித்திரை இல்லாத ஆள் அரை இருட்டில் கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் தூங்கி வழிவார், அல்பா மறைந்து தீட்டா வரும். பிடிஎஸ்டியில் அல்பா குறையும் என்று சில ஆய்வுகள் சொல்வதால், தூங்கியவரையும் நோயாளி ஆக்கிவிடலாம். மின்விளக்கும் செருகியும் தரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வேறு.

மருந்துகளும் அலையை மாற்றும். டயசிபாம், குளோனசிபாம் குடித்தால் பீட்டா கூடும். அமிட்ரிப்டிலின் அலைகளை மந்தமாக்கலாம். முதல் நாள் குடித்த சாராயமும் தன் பங்குக்குச் செய்யும். அதற்காகப் பரிசோதனைக்கு முன் மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. டயசிபாம் வகையைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம். என்ன குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

சரி, எப்போது ஈஈஜி எடுக்கத்தான் வேண்டும்? அண்ணாவுக்குத் தலையில் காயம் பட்டிருந்தால், அல்லது செல் விழுந்து கிட்ட நின்று நினைவு தப்பியிருந்தால், அவருடைய ‘பழைய நினைவு வந்து உறைந்து போவது’ உண்மையில் வலிப்பாக இருக்கலாம். டெம்பொரல் பகுதியில் எழும் வலிப்பு கையை காலை உதறாமலும் வரும். காரணமில்லாமல் திடீரென்று வயிற்றிலிருந்து பயம் ஏறும், பார்வை நிலைகுத்தும், உதட்டைச் சப்புவார், விரல் எதையாவது துழாவும், அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடியும், பிறகு சற்று நேரம் குழம்பிப் போயிருப்பார், நடந்தது நினைவிராது. ஒவ்வொரு தடவையும் அச்சடித்த மாதிரி ஒரே ஒழுங்கில் வரும். மனவடுவின் மீள்நினைவு அப்படியல்ல. அதற்கு அநேகமாக ஒரு தூண்டல் இருக்கும்: பட்டாசு, ஹெலிகொப்டர் சத்தம், இரத்த வாடை, டீசல் புகை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைத் தொட்டு, இன்றைக்குக் கொண்டுவரலாம். எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதும் மாறும். இரண்டையும் பிரிக்க, கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ நரம்பியல் வைத்தியருக்குப் பெரிய உதவி. அவர் ஈஈஜி எழுதினால் எடுங்கள், நித்திரை குறைத்து வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஒரு தடவை எடுத்து ஒன்றும் தெரியவில்லை என்றால் வலிப்பு இல்லை என்று ஆகாது, முதல் பதிவில் அகப்படாதவர் பலர்.

பலத்த குறட்டை, காலையில் தலையிடி, பகலில் தூங்கி விழுதல் இருந்தால் நித்திரைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூச்சுத் தடைப்படுவதைச் சரிசெய்தால் கெட்ட கனவுகளும் குறைவதுண்டு.

எம்ஆர்ஐ எழுதினால் ஒரு விடயம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். உடம்பில் சன்னமோ செல் துண்டோ இருக்கிறதா? எங்கள் நாட்டில் இதை மறந்து போவது ஆபத்து. எத்தனையோ பேர் எடுக்க முடியாத இரும்புத் துணுக்கோடு வாழ்கிறார்கள், சிலருக்கு அது இருப்பதே தெரியாது. எம்ஆர்ஐயின் காந்தம் அந்தத் துண்டை அசைக்கலாம், சூடேற்றலாம். கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்திலோ இருந்தால் விளைவு பயங்கரம். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், பழைய சத்திரசிகிச்சைச் சீட்டுகளைக் கொண்டு போங்கள். துண்டு ஆபத்தில்லாத இடத்தில் இருந்தாலும் தலைக்குக் கிட்ட என்றால் படம் கெட்டுப்போகும்.

பரிசோதனையே காயத்தைக் கிளறக்கூடாது. வழமையான ஈஈஜியில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், பிறகு கண்ணுக்கு முன் வெளிச்சம் பளிச்சிடும். வேக மூச்சு சிலருக்கு நெஞ்சுப் பதற்றத்தை அப்படியே வரவழைக்கும், பளிச்சிடும் வெளிச்சம் இரவுக் களத்தில் வானில் எரியவிடும் பரா வெளிச்சத்தை நினைவூட்டலாம். எம்ஆர்ஐயின் அடி அடியென்ற சத்தம் எதை நினைவூட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இவர் போரில் இருந்தவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பின்னால் நின்று திடீரென்று தலையைத் தொடாதீர்கள். கதிரையைக் கதவு தெரியும்படி போடச் சொல்லலாம். எம்ஆர்ஐயில் காதடைப்பானும், கையில் அமத்தினால் நிறுத்தும் குமிழும் தருவார்கள், உள்ளே போகமுன் அதை ஒரு தடவை அமத்திப் பார்க்கட்டும். போர்ப் படங்களைக் காட்டி மூளையைப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் உளமருத்துவர் இல்லாமல் ஒருக்காலும் சம்மதிக்க வேண்டாம்.

உண்மையான மதிப்பீடு எப்படி இருக்கும்? பயிற்சி பெற்ற ஒருவர் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிவரை இருந்து கேட்பார். நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார், கட்டாயப்படுத்தவும் கூடாது. நாலு தொகுதிகளில் கேள்வி வரும்: அழைக்காமல் வந்து விழும் நினைவும் கனவும், அவற்றைத் தூண்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது, தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணம் இருண்டு போவது, உடம்பு எந்நேரமும் விழித்த நிலையில் நிற்பது. முதல் இரண்டில் ஒவ்வொன்று, அடுத்த இரண்டில் இரண்டிரண்டு, ஒரு மாதத்துக்கு மேல், வேலையையும் உறவையும் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பிசிஎல்-5 என்ற 20 கேள்விப் படிவமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 4 வரை, மொத்தம் 80. 31க்கும் 33க்கும் இடையில் எல்லை வைப்பது அமெரிக்க முன்னாள் படையினரைப் பார்த்து வந்த கணக்கு, நம் ஆட்களுக்கு அதைக் கல்வெட்டாக எடுக்கக்கூடாது. நீண்ட காலம் அடைபட்டோ வதைபட்டோ இருந்தவர்களுக்கு ஐசிடி-11 சொல்லும் சிக்கலான பிடிஎஸ்டி பொருந்தலாம். வழக்குக்கோ வெளிநாட்டு அடைக்கலத்துக்கோ அறிக்கை தேவைப்பட்டாலும் இப்படிப்பட்ட விரிவான நேர்காணல் அறிக்கைதான் எடுபடும், நிறம் தீட்டிய மூளைப் படம் அதற்கு ஈடாகாது.

இங்கேதான் மொழி வருகிறது. ‘நெஞ்சு பதறுது’, ‘தலை விறைக்குது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘அண்டைக்கு ஏங்கினதோட சரி’ என்று நம் ஆட்கள் மனவடுவை உடம்பின் மொழியில்தான் சொல்வார்கள். இதை மூன்றாம் ஆள் மொழிபெயர்த்தால் நெஞ்சு நோ, தலையிடி என்று சுருங்கி, இதயத்தைப் பார்க்கும் ஈசிஜி எடுக்க அனுப்பிவிடுவார்கள். ஆகையால் தமிழ் தெரிந்த உளமருத்துவரையோ உளவளத்துணையாளரையோ கேட்டு வாங்குங்கள், ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை. கூட்டிப்போகும் நீங்களே மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டாம். தம்பிக்கு முன்னாலும் தங்கைக்கு முன்னாலும் அவர் சொல்லமாட்டாத விடயங்கள் இருக்கும்.

கொழும்பில் தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும் அங்கொடையில் தேசிய மனநல நிறுவகமும் உள்ளன. படையிலிருந்து முறையாக ஓய்வு பெற்றவர் என்றால் நாரஹேன்பிட்ட இராணுவ வைத்தியசாலையிலும் விசாரிக்கலாம். மற்றப் பக்கத்தில் இருந்தவர் என்றால், என்ன பதியப்படும், யார் பார்ப்பார்கள் என்று முதலே கேட்க அவருக்கு உரிமையுண்டு. அந்தப் பயத்தைச் சின்னதாக நினைத்து ஒதுக்கிவிட்டு ஒருவரைக் கதைக்க வைக்க முடியாது.

சிகிச்சைக்கும் மூளைப் படம் தேவையில்லை. காயத்தை மெல்ல மெல்ல அணுகும் பேச்சுச் சிகிச்சைகளுக்கு நல்ல ஆதாரம் உண்டு, பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள். செட்ராலின் போன்ற மருந்துகள் வேலை காட்டச் சில கிழமைகள் எடுக்கும். நித்திரைக்கென்று டயசிபாமை மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டு போவது இந்த நோய்க்கு நல்லதல்ல. வருங்காலத்தில் மூளை அளவீடு உதவக்கூடிய இடம் சிகிச்சைத் தேர்வு என்றே நினைக்கிறேன். சொல் நினைவு குறைவாகவும், கவனத்தைக் கையாளும் வலையமைப்பு ஒன்றின் தொடர்பு நலிந்தும் இருந்தவர்கள் இந்தப் பேச்சுச் சிகிச்சைக்குக் குறைவாகவே தேறினார்கள் என்று 2019 இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘நோய் இருக்கா’ என்பதை விட ‘இவருக்கு எது பலிக்கும்’ என்பதுதான் மூளையிடம் கேட்கத் தகுந்த கேள்வி. அதுவும் இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை.

முதல் நாள் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை தடவை எழும்புகிறார், எவ்வளவு குடிக்கிறார், என்ன மருந்து, தலையில் எப்போது அடிபட்டது, உடம்பில் எங்கே துண்டு இருக்கிறது, எதைக் கண்டால் மாறிப்போகிறார். பிரெய்ன் மேப்புக்கு வைத்த காசை கிளினிக்குக்குப் போய்வரும் செலவுக்கும், அவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாவதைப் பற்றிக் கதைத்தால், அல்லது கதைக்காமலே சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்: 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகம் 24 மணி நேரமும் பதில் சொல்லும், உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும்.